ஒக்டோபர் 30: ஒரு திகதியும் மூன்று நினைவுகளும்



நம்ம லயங்களிலே கலண்டர் தொங்காத வீடு குறைவு. கடைக்காரர் கொடுத்தது, கோயிலிலே கொடுத்தது, நகைக்கடையிலே வாங்கி வந்தது என்று ஏதோ ஒன்று சுவரிலே இருக்கும். போயா என்றைக்கு, சம்பள நாளுக்கு இன்னும் எத்தனை நாள், விரதம் எப்போ என்று பார்க்கத்தான் அது. அச்சடித்த கட்டத்துக்குள்ளே வராத சங்கதி ஒன்றும் உண்டு. அதே திகதியிலே முந்திய வருடங்களில் என்ன நடந்தது என்பதுதான் அது. "வரலாற்றில் இன்று" என்று பத்திரிகைக்காரர்கள் போடுவார்களே, அந்தச் சங்கதி.

இந்த முறை நாம் ஒரே ஒரு திகதியை எடுத்துக்கொள்கிறோம்: ஒக்டோபர் 30.

தோட்டத்து மக்களுக்கு இந்த நாள் புதிதல்ல. சௌமியமூர்த்தி தொண்டமான் அவர்கள் காலமானது 1999 ஒக்டோபர் 30 அன்று. வருடா வருடம் அவருடைய படத்துக்கு மாலை போட்டு நினைவுகூருவதை நாம் பார்க்கிறோம். அவர் எந்தக் கட்சி, நாம் எந்தக் கட்சி என்ற பேச்சு ஒருபுறம் இருக்கட்டும். 1947ல் நுவரெலியாத் தொகுதியில் வென்று பாராளுமன்றம் போனதிலிருந்து கண் மூடும் வரை, நம் மக்களின் பிரஜாவுரிமைக் கதையிலே அவர் பெயர் வராத அத்தியாயம் கிடையாது.

அவர் இறப்பதற்குச் சரியாக 35 வருடத்துக்கு முன்பு, 1964ல், இதே ஒக்டோபர் 30 அன்றுதான் நம் மக்களைப் பங்கு பிரித்த ஒப்பந்தம் கையெழுத்தானது. இடையிலே, 1990ல், இதே ஒக்டோபர் 30 அன்று இன்னொரு கூட்டம் மக்கள் இரண்டு மணி நேரத்திலே ஊரை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் பெரும்பங்கினர் வந்து சேர்ந்த இடம் புத்தளம் கரை. மலையிலே இருக்கிற நமக்கும் அந்தக் கடற்கரைக்கும் ஒரே திகதியில் ஒரு முடிச்சு விழுந்திருக்கிறது. அந்த முடிச்சை அவிழ்த்துப் பார்ப்போம்.

உலகத்திலே அதே நாள்

முதலிலே கொஞ்சம் பலசரக்கு. ஒக்டோபர் 30 அன்று உலகத்தின் வேறு பக்கங்களில் நடந்தவை:

1908: இராமநாதபுரம் பக்கத்துப் பசும்பொன்னில் முத்துராமலிங்கத் தேவர் பிறந்தார். 1963ல் அவர் காலமானதும் இதே ஒக்டோபர் 30. பிறந்த நாளும் இறந்த நாளும் ஒன்றாக அமைவது அபூர்வம்.

1938: அமெரிக்காவிலே வானொலி நாடகம் ஒன்று ஒலிபரப்பானது. செவ்வாய்க் கிரகத்து ஆட்கள் பூமிக்கு வந்து இறங்கிவிட்டார்கள் என்பது கதை. அதை நடுவே இருந்து கேட்டவர்களில் சிலர் நிஜச் செய்தி என்றே பயந்துபோனார்களாம். கைத்தொலைபேசியிலே வருகிற வதந்தியை நம்பும் நாம் அவர்களைப் பார்த்துச் சிரிக்க முடியாது.

1960: ஆர்ஜென்டினாவிலே காற்பந்து வீரர் மரடோனா பிறந்தார்.

1974: ஆபிரிக்காவிலே கின்ஷாசா நகரத்தில் முகமது அலி, ஜோர்ஜ் போர்மனைக் குத்துச்சண்டையிலே வீழ்த்தினார்.

இன்னொன்று. ஒக்டோபர் 31 உலக சிக்கன தினம். இந்தியாவிலே மட்டும் அதை ஒரு நாள் முந்தி, 30ம் திகதி கொண்டாடுகிறார்கள். 1984 ஒக்டோபர் 31ல் இந்திரா காந்தி கொல்லப்பட்டார். அது துக்க நாளாகிவிட்டதால் சிக்கன தினம் ஒரு நாள் முன்னே நகர்ந்தது. ஒரு நாளின் மேலே இன்னொரு சம்பவம் வந்து உட்கார்ந்தால், பழைய விசேஷம் இடம் மாற வேண்டியிருக்கிறது.

இனி நம் கதைக்கு வருவோம்.

1964: ஐப்பசி மாதத்து ஒப்பந்தம்

அது ஒரு வெள்ளிக்கிழமை. தீபாவளிக்கு இன்னும் சில நாளே இருந்தது. தோட்டங்களிலே முற்பணம், புதுத்துணி என்று பேச்சு ஓடிக்கொண்டிருக்கும் காலம். புதுடில்லியிலே நம் நாட்டுப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் உடன்படிக்கை செய்துகொண்டார்கள்.

அதற்கு முன்னாலே நடந்ததையும் இளசுகள் தெரிந்திருக்க வேண்டும். 1948ம் ஆண்டு 18ம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள். 1949லே வாக்குரிமையும் போனது. 1947ல் நம் மக்கள் வாக்களித்து 7 பேரைப் பாராளுமன்றம் அனுப்பியிருந்தார்கள். அடுத்த தேர்தலிலே அந்த மக்களுக்கு வாக்குச் சீட்டே கிடையாது.

1964ல் அப்படி நாடற்று இருந்தவர்கள் 9 லட்சத்து 75 ஆயிரம் பேர் என்று கணக்குப் போட்டார்கள். அதிலே 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. எல்லாம் 15 வருடத்துக்குள் முடிய வேண்டும். அந்த ஒன்றரை லட்சத்தையும் 1974 ஜனவரியிலே ஆளுக்கு 75 ஆயிரம் என்று பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கொழுந்தை நிறுத்துப் பங்கு போடுகிற மாதிரித்தான் நடந்தது. அந்தக் கொழுந்தைப் பறித்தவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிறகு மனு எழுதுவது, கடவுச்சீட்டு வருவது, ரயில் ஏறுவது என்று வருடக்கணக்கிலே நடந்தது. தலைமன்னாரிலே இருந்து கப்பலிலே இராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம். அண்ணன் இந்தியா, தம்பி இலங்கை என்று பிரிந்த குடும்பங்கள் எத்தனையோ. ஸ்டேஷனிலே பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுததைப் பாட்டிமார் இன்றும் சொல்லுவாங்க. போனவர்களிலே பலர் நீலகிரியிலே, கூடலூர், கோத்தகிரிப் பக்கம், மறுபடியும் தேயிலைக்குள்ளேதான் போய்ச் சேர்ந்தார்கள். இங்கே "இந்தியாக்காரன்" என்று பெயர், அங்கே "சிலோன்காரன்" என்று பெயர். 1984ல் கப்பல் நின்றது. அதற்குள் 3 லட்சத்துக்கும் அதிகமானோர் போய்விட்டார்கள்.

மலையிலிருந்து புத்தளம் கரைக்கு

இப்போது கடற்கரைக்கு இறங்குவோம். புத்தளம் மாவட்டம் நமக்கு முற்றிலும் தெரியாத இடம் இல்லை. தலவில புனித அன்னம்மாள் ஆலயத் திருவிழாவுக்கு நம் தோட்டங்களிலே இருந்து பஸ் பிடித்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வேதக்காரர்கள் மட்டும் போவதில்லை, நேர்த்தி வைத்த சைவக்காரர்களும் போகிறார்கள். சிலாபத்துக்குப் பக்கத்திலே முன்னேஸ்வரம், வடக்கே உடப்பிலே திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பு என்று வேறு யாத்திரைகளும் உண்டு. நம் வீட்டு அடுப்படியிலே இருக்கிற உப்பிலும் புத்தளத்து உப்பளங்களின் பங்கு உண்டு.

புத்தளத்துக்குத் தெற்கே பாலாவிச் சந்தியிலே திரும்பினால் கற்பிட்டிக்குப் பாதை போகிறது. ஒரு பக்கம் பெருங்கடல், மறுபக்கம் புத்தளம் களப்பு. நடுவிலே ஒடுங்கிய மணல் நிலம். நுரைச்சோலை, தலவில எல்லாம் அந்தப் பாதையிலேதான். மீன்பிடி வாடிகள், தென்னை, வெங்காயத் தோட்டம், மிளகாய்த் தோட்டம் என்று பிழைப்பு. ஒல்லாந்தர் கட்டிய கோட்டை கற்பிட்டி முனையிலே இன்றும் நிற்கிறது.

இந்தக் கரைக்கும் நம் மலைக்கும் பழைய தொடர்பும் ஒன்று உண்டு. 1344ல் மொரோக்கோ நாட்டுப் பிரயாணி இப்னு பதூதா மாலைதீவிலே இருந்து வரும்போது காற்று அடித்து இந்தப் பக்கம் வந்து சேர்ந்தார். புத்தளத்திலே ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்றார். "என்ன வேண்டும்?" என்று கேட்டதற்கு, மலை உச்சியிலே இருக்கும் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்றாராம் அவர். அரசனும் துணைக்கு ஆள் கொடுத்து அனுப்பினான். அந்த மலைதான் நமது சிவனொளிபாதமலை. மஸ்கெலியா, நல்லதண்ணிப் பக்கத்துக் குடும்பங்கள் தினமும் கண்ணாலே பார்க்கிற மலை. கடலிலே இருந்து வந்து இறங்கிய அந்நியனுக்குச் சோறும் போட்டு வழியும் காட்டிய கரை என்று 680 வருடத்துக்கு முந்தியே எழுத்திலே பதிவாகியிருக்கிறது.

1990: இரண்டு மணி நேரம்

1990 ஒக்டோபரில் வடக்கிலே யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அந்த மாதத்திலே விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் எல்லோரையும் வெளியேறச் சொன்னார்கள். மன்னார்த் தீவிலே ஒலிபெருக்கியிலே அறிவித்தது ஒக்டோபர் 24 அளவிலே. சில நாள்தான் அவகாசம். எருக்கலம்பிட்டி போன்ற ஊர்ச் சனங்கள் கைக்குழந்தைகளோடு கடற்கரையிலே காத்துக் கிடந்து, படகு ஏறி, தெற்கே கற்பிட்டியிலே வந்து இறங்கினார்கள்.

யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு அந்த நாள் ஒக்டோபர் 30, செவ்வாய்க்கிழமை. ஒஸ்மானியாக் கல்லூரிப் பக்கம் கூடச் சொன்னார்கள். இரண்டு மணி நேரத்திலே ஊரை விட வேண்டும் என்று கட்டளை. வீடு, கடை, நகை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, உடுத்த உடையோடும் சில நூறு ரூபாக் காசோடும் வெளியேறினார்கள். தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசி, தமிழிலே படித்து, பக்கத்து வீட்டாரோடு பலகாரம் மாற்றிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். தையல்காரர், இரும்புக்கடைக்காரர், ஆசிரியர் என்று ஒரு ஊருக்குத் தேவையான எல்லாத் தொழிலும் செய்தவர்கள். அந்த மாதக் கடைசிக்குள் வடக்கு முழுவதிலும் இருந்து ஏறக்குறைய 75 ஆயிரம் பேர் இப்படி விரட்டப்பட்டார்கள் என்று சொல்லப்படுகிறது.

அதே திகதியிலே டில்லியில் கையெழுத்துப் போட்டு அப்போது 26 வருடம் ஆகியிருந்தது.

இரண்டும் ஒன்றல்ல. 1964ல் நடந்தது அரசாங்கங்கள் செய்த ஒப்பந்தம். வருடக்கணக்கிலே மெதுவாக நடந்தது. கடிதமும் கடவுச்சீட்டும் இருந்தது. 1990ல் நடந்தது ஆயுதம் ஏந்தியவர்களின் கட்டளை. பகல் பொழுதுக்குள் முடிந்தது. ஆனாலும் லயத்து முற்றத்திலே நின்று ரயிலுக்குப் புறப்பட்ட தாய்க்கும், யாழ்ப்பாணத்து ஒழுங்கையிலே நின்று வீட்டைத் திரும்பிப் பார்த்த தாய்க்கும் மனசிலே ஓடியது ஒன்றாகத்தான் இருந்திருக்கும். பெற்றோரைப் புதைத்த மண்ணை விட்டுப் போ என்று வேறு யாரோ முடிவு செய்தார்கள்.

புத்தளத்து மக்கள் செய்தது

வந்தவர்களுக்குப் பள்ளிக்கூடங்களையும் பள்ளிவாசல்களையும் முதலிலே திறந்து விட்டார்கள். புத்தளத்து மக்கள் சோறு சமைத்துக் கொடுத்தார்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். தென்னந்தோப்புக்களிலே கிடுகு வேய்ந்த கொட்டில்கள் எழும்பின. புத்தளம், கற்பிட்டி, முந்தல், வண்ணாத்திவில்லு ஆகிய நான்கு பிரதேச செயலகப் பிரிவுகளிலும் முகாம்கள் பரவின.

சில மாதத்திலே திரும்பிவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மாதம் வருடமானது, வருடம் பத்தாகியது, இருபதாகியது. நிவாரண அட்டையிலே அரிசி, பருப்பு, சீனி என்று காலம் ஓடியது. கொட்டிலிலே பிறந்த பிள்ளை அங்கேயே கல்யாணம் முடித்தது.

விருந்தாளி மூன்று நாள் தங்கினால் வேறு, முப்பது வருடம் தங்கினால் வேறு. அந்தச் சிரமத்தையும் மறைக்கக் கூடாது. புத்தளத்து மக்களும் பணக்காரர்கள் இல்லை. வெங்காயத் தோட்டத்திலே கூலி வேலைக்கு ஆள் கூடியபோது கூலி கூடவில்லை. பள்ளிக்கூடத்திலே இடம் போதவில்லை. மணல் நிலத்துக் கிணறு எத்தனை குடத்துக்குத்தான் தாங்கும்? "அகதி" என்ற சொல் பள்ளிக்கூடத்து விளையாட்டு மைதானம் வரை வந்தது. இது நமக்குப் புரியாத சங்கதியா? "கள்ளத்தோணி" என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நம் பெரியவர்கள். அந்தக் கசப்புகளுக்கு நடுவிலேயும் கல்யாண உறவும் கூட்டு வியாபாரமும் வளர்ந்ததுதான் புத்தளத்தின் பெருமை.

2009ல் யுத்தம் முடிந்தது. சிலர் திரும்பினார்கள். அங்கே காணி காடாகியிருந்தது, வீடு இடிந்திருந்தது. பலர் புத்தளத்திலேயே தங்கிவிட்டார்கள். ஒக்டோபர் மாதக் கடைசியிலே அந்த மக்கள் கூடி, வெளியேற்றத்தை நினைவுகூருகிறார்கள். 1990ல் கைக்குழந்தையாக வந்தவர்கள் இன்று தங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்லுகிறார்கள்.

அப்படியானால் இது கெட்ட நாளா?

இதை வாசித்துவிட்டு, "ஒக்டோபர் 30 ராசியில்லாத நாள் போல" என்று சிலர் நினைக்கலாம். அப்படி நினைக்க வேண்டியதில்லை. மரடோனா பிறந்ததும், முகமது அலி வென்றதும் அதே நாள்தான்.

ஒரே திகதியிலே பல சம்பவம் விழுவது எவ்வளவு சாதாரணம் என்று தெரிய ஒரு கணக்கு உண்டு. பெரட்டுக்கு 23 பேர் வந்து நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் யாராவது இரண்டு பேருக்கு ஒரே பிறந்தநாள் இருக்குமா? வருடத்துக்கு 365 நாள் இருக்கிறது, ஆள் 23தான் என்று பார்த்தால் சந்தேகமாக இருக்கும். ஆனால் இருப்பதற்கான வாய்ப்புப் பாதிக்கும் மேலே. காரணம் இதுதான்: 23 பேரும் ஒருவருக்கொருவர் கைகொடுத்தால் 253 கைகொடுப்பு வரும். ஒவ்வொரு கைகொடுப்பும் ஒரு சோடி. ஒவ்வொரு சோடியும் பொருந்துவதற்கு ஒரு சந்தர்ப்பம். 57 பேர் நின்றால் வாய்ப்பு நூற்றுக்கு 99. பள்ளிக்கூடத்திலே உங்கள் பிள்ளையின் வகுப்பிலே பரீட்சித்துப் பாருங்கள்.

23 பேருக்கே இப்படி என்றால், உலகத்துச் சரித்திரத்திலே நடந்த ஆயிரமாயிரம் சம்பவங்களை 366 கட்டத்துக்குள் போட்டால் ஒவ்வொரு கட்டத்திலும் நல்லதும் கெட்டதும் குவியத்தானே செய்யும்? ஆகவே நாளின் மேலே பழி இல்லை. கையெழுத்துப் போட்டவர்களும் கட்டளை கொடுத்தவர்களும் மனிதர்கள்தான்.

சட்டத்துக்குள்ளே போன திகதி

கலண்டரிலே திகதி வெறும் எண். அரசாங்கக் கடதாசியிலே ஏறிவிட்டால் அது ஒரு குடும்பத்தின் தலையெழுத்தையே மாற்றும். அதற்கு இந்த ஒக்டோபர் 30ஐ விட நல்ல உதாரணம் வேண்டாம்.

2003ல் பாராளுமன்றம் 35ம் இலக்கச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. இந்திய வம்சாவளி மக்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் அது. யாருக்குக் கொடுப்பது? 1964 ஒக்டோபர் 30 தொடக்கம் இலங்கையிலே நிரந்தரமாக வசித்தவருக்கும், அவருடைய சந்ததிக்கும். கவனியுங்கள். நம் மக்களைப் பிரித்த அதே திகதிதான், பிறகு நம் மக்களுக்கு உரிமை தரும் சட்டத்திலே அளவுகோலாக எழுதப்பட்டது. "அன்றைக்கு என் தாத்தா இந்தத் தோட்டத்திலேதான் இருந்தார்" என்று காட்ட முடிந்தவருக்கு அந்தத் திகதி சாவியாகிவிட்டது. செக்ரோலிலே இருந்த பெயர், பிள்ளையின் பிறப்புப் பதிவு, பள்ளிக்கூடத்து இடாப்பு போன்ற பழைய கடதாசிகளுக்கு அப்போதுதான் பெறுமதி தெரிந்தது. தொண்டமான் அவர்கள் அதைப் பார்க்க இல்லை. நான்கு வருடத்துக்கு முன்பே, அதே ஒக்டோபர் 30ல் போய்விட்டார்.

புத்தளத்து மக்களையும் ஒரு திகதி பிரித்தது. யுத்தம் முடிந்த பின் 2008 ஏப்ரலுக்கு முன்பு இடம்பெயர்ந்தவர்கள் "பழையவர்கள்", பிறகு இடம்பெயர்ந்தவர்கள் "புதியவர்கள்" என்று பிரித்தார்கள். மீள்குடியேற்ற உதவியிலே புதியவர்களுக்கு முதலிடம் கிடைத்தது. 1990ல் வந்தவர்கள் வரிசையிலே பின்னாலே நிற்க வேண்டியதாயிற்று. எப்போது வந்தாய், எந்த இடாப்பிலே பெயர் இருக்கிறது, வாக்கு எங்கே பதிந்தாய் என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லியே அவர்களுக்குப் பாதி ஆயுள் போயிற்று.

உங்கள் அட்டையிலே ஒளிந்திருக்கிற நாள்

இப்போது உங்கள் தேசிய அடையாள அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலே உங்கள் பிறந்தநாள் எண்ணுக்குள்ளே ஒளிந்திருக்கிறது.

பழைய அட்டை என்றால் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம். 2016லே இருந்து வருகிற 12 இலக்க அட்டை என்றால் முதல் நான்கு இலக்கம் வருடம். அதற்கு அடுத்த மூன்று இலக்கம், வருடத்திலே நீங்கள் பிறந்தது எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும். பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருப்பார்கள்.

கணக்கு இப்படி. எந்த வருடமானாலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்றே எடுக்க வேண்டும். மாதத்துக்கு உரிய எண்ணோடு பிறந்த திகதியைக் கூட்டுங்கள்:

ஜனவரி 0, பெப்ரவரி 31, மார்ச் 60, ஏப்ரல் 91, மே 121, ஜூன் 152, ஜூலை 182, ஓகஸ்ட் 213, செப்டெம்பர் 244, ஒக்டோபர் 274, நவம்பர் 305, டிசம்பர் 335.

ஒக்டோபர் 30ல் பிறந்தவர் என்றால் 274 கூட்டல் 30, ஆக 304. ஆணானால் அட்டையிலே 304 என்று இருக்கும். பெண்ணானால் 804 என்று இருக்கும்.

இது விளையாட்டு மாதிரித் தெரியும். ஆனால் அட்டையிலே ஒரு திகதி, பிறப்புச் சாட்சிப் பத்திரத்திலே ஒரு திகதி, தோட்டத்து ஒபிசிலே வேறொரு திகதி என்று இருந்தால் சேமலாப நிதி எடுக்கப் போகும்போதுதான் தலைவலி தெரியும். ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதிலே எடுக்க வேண்டிய காசு. கணக்குப் பொருந்தவில்லை என்றால் வயது வரும்வரை காத்திராமல், இப்போதே கிராம சேவகரிடமோ பிரதேச செயலகத்திலோ போய்க் கேளுங்கள்.

ஒரு கொப்பி போதும்

ஒக்டோபர் 30லே நம் தாத்தா பாட்டிக்கும் யாழ்ப்பாணத்து முஸ்லிம் குடும்பங்களுக்கும் நடந்ததைப் பார்த்தால், நாம் செய்யக்கூடிய சின்ன வேலை ஒன்று தெரிகிறது. பெரிய ஆட்கள் திகதி குறிக்கிறார்கள். நம் பக்கத்துத் திகதியை நாமே குறித்து வைக்க வேண்டும்.

எண்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்குங்கள். முதல் பக்கத்திலே வீட்டிலே இருக்கிற எல்லோருடைய பிறந்த திகதி, பிறந்த இடம், சாட்சிப் பத்திர இலக்கம். தமிழ் மாதமும் நட்சத்திரமும் தெரிந்தால் அதையும் பக்கத்திலே எழுதலாம். ஆனால் இங்கிலீஷ் திகதியை விட்டுவிடக் கூடாது. அரசாங்கத்துக்கு அதுதான் கணக்கு. அடுத்த பக்கத்திலே தாத்தா, பாட்டி பெயர், அவர்கள் இருந்த தோட்டம், டிவிசன், பெயர் பதிந்த வருடம். அதற்கு அடுத்த பக்கத்திலே இந்தியா போன உறவுக்காரர் யார், எந்த வருடம் போனார், எந்த ஊரிலே இருக்கிறார் என்று எழுதுங்கள். கடதாசிகளைப் பிளாஸ்டிக் உறையிலே போட்டு, மண்சரிவு அபாயம் உள்ள லயமானால் ஓடும்போது கையிலே எடுக்கக்கூடிய இடத்திலே வையுங்கள். பிரதி ஒன்று உறவுக்காரர் வீட்டிலும் இருக்கட்டும். யாழ்ப்பாணத்து மக்களுக்கு இரண்டு மணி நேரம்தான் கிடைத்தது. மண் சரிந்தால் அந்த நேரமும் கிடைக்காது.

வயதானவர்களிடம் கேட்டு எழுதும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். பாட்டிக்குத் திகதி தெரியாவிட்டாலும், "தீபாவளிக்கு முந்தின கிழமை", "பெரிய மழை வந்த வருடம்" என்று சொல்லுவாங்க. அதை அப்படியே எழுதட்டும். பிறகு கலண்டரோடு பொருத்திப் பார்க்கலாம்.

அடுத்த முறை தலவிலவுக்கோ முன்னேஸ்வரத்துக்கோ போகும்போது, பாலாவிச் சந்தியிலே பஸ் நின்றால் கடையிலே ஒரு பிளேன்டீ குடியுங்கள். கடைக்காரரிடம் ஊர் எது என்று கேட்டுப் பாருங்கள். "சொந்த ஊர் யாழ்ப்பாணம்" என்றோ "மன்னார்" என்றோ பதில் வரலாம். அந்தத் தேத்தண்ணிக்குப் போட்ட தேயிலை நம் மலையிலே பறித்ததாகவும் இருக்கலாம். ஒக்டோபர் 30 பற்றி அவரிடமும் சொல்லுவதற்கு ஒரு கதை இருக்கும், உங்களிடமும் ஒரு கதை இருக்கும்.